தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்

அத்தியாயம் ஆறு

"ஐந்தாவது தளம். கதவு திறக்கிறது," என்றது லிஃப்ட், குழைவான ஒரு பெண் குரலில்.

"நல்லவேளை சொன்னீங்க தாயே! இல்லைன்னா கூரையைப் பிச்சுக்கிட்டு இறங்கியிருப்பேன்," என்றான் சில்லறை.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூலையில் ஒடுங்கி நின்ற போன் ஆபரேட்டர் மட்டும் தலை நிமிராமல் சொன்னாள்.

"அது என் குரல் சார்."

சில்லறை நாக்கைக் கடித்துக்கொண்டான். இடம் பொருள் பார்க்காமல் எதையாவது உதிர்த்துக்கொண்டே இருப்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், தனியாகத் துப்பறியும் கடை விரித்தவள் அக்கா. அந்தக் கடையில் எடுபிடி, டிரைவர், வாய் மூன்றும் இவன்தான்.

"உங்க குரலா? லிஃப்டுக்குள்ளயா?"

"லிஃப்ட் கம்பெனியில போன் ஆபரேட்டரா இருக்கேன் இல்லையா? குரல் நல்லாருக்குன்னு என்னையே பேசச் சொல்லிப் பதிஞ்சுட்டாங்க. லிஃப்டுல, ஆபீஸ் போன்ல, எல்லாத்துலயும் நான்தான் வருவேன்." அவள் வறட்சியாகச் சொன்னாள். "என் தங்கச்சி குட்டிகூடக் கிண்டல் பண்ணுவா. வீட்டுல நீ திட்டறே, லிஃப்டுல ஏறினா கொஞ்சறேன்னு."

அந்தத் தங்கச்சிதான் போன வாரம் செத்துப்போனாள்.

கம்பெனி ஆபீஸில் தீப்பிடித்தது. ஆபரேட்டர் மேஜையில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அழுத்தினால் ஆபீஸில் உள்ள அத்தனை மேஜை போன்களும் தாமாகவே திறந்துகொண்டு ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசும். ஓடுங்கள், தீ என்று சொல்லும். அழுத்தினாள். போன்கள் அலறின. எல்லோரும் தப்பி வெளியே வந்தார்கள். பின்கட்டில் இருந்த ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்திருந்த தங்கை மட்டும் வரவில்லை. ஏசி குழாய் வழியே இறங்கிய புகை அவளை நாற்காலியிலேயே முடித்துவிட்டது. ரிசீவர் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததாம்.

அந்த ஒரு போன் மட்டும் ஏன் அலறவில்லை? ஆபரேட்டர்தான் ரெக்கார்ட் ரூம் எண்ணை அறிவிப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டாள் என்று மேனேஜர் புகார் கொடுத்துவிட்டார். நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனால் வீட்டுக்குத் திரும்புவது சந்தேகம்தான். ஆனால் அவள் பயந்தது அதற்கில்லை. அவள் பயந்தது எதிரே இருந்த கதவுக்கு.

அக்கா அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே செருப்பு தேயும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"அம்மா, நான்தான்ம்மா," என்றாள் ஆபரேட்டர்.

"தெரியுது. அந்தப் பையை வெளியிலயே வெச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ." கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் அழுகைகூட வற்றிப்போயிருந்தது. "ஆபீஸ்ல உள்ளவனுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னியே, கூடப் பிறந்தவளைக் கூப்பிடணும்னு தோணலையாடி உனக்கு?"

ஆபரேட்டர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பெற்ற தாயை வேறு ஊருக்கு ரயிலேற்றிவிட்டதற்கே ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவன் சில்லறை. அவன் முகத்தை லிஃப்ட் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்க மைக்ல என்ன சொன்னீங்க?" என்று மெல்லக் கேட்டாள் அக்கா.

"ஞாபகமே இல்லை மேடம். வழக்கமா பட்டனை அழுத்தினா பதிஞ்சு வெச்சது ஓடும். அன்னைக்குப் பின்பக்கம் புகையைப் பார்த்ததும் மைக்கை எடுத்துக் கத்தினேன். என்ன கத்தினேன்னு கேட்டா சத்தியமா தெரியாது. குட்டி இருந்த ரூம் நம்பரை நான்தான் விட்டுட்டேனோ? நானே கொன்னுட்டேனா மேடம்?"

அக்கா வாசலில் இருந்த பையைத் திறந்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த பொருட்கள். கைக்கடிகாரம், ஒரு ஜோடி கம்மல், அப்புறம் கரி படிந்த நீளமான ஒரு சங்கிலி.

"மடியில கிடந்த சங்கிலின்னு கொடுத்தாங்களாம். அவகிட்ட அப்படி ஒரு சங்கிலியே கிடையாது," என்றாள் ஆபரேட்டர்.

அக்கா கட்டை விரலால் கரியைத் துடைத்தாள். அது நகையில்லை. காகிதம் சேர்த்துச் செருகும் ஜெம் கிளிப்புகள். ஒன்றோடொன்று கோர்த்து முழ நீளத்துக்கு வந்திருந்தது.

"இதைச் சங்கிலின்னு நினைச்ச போலீஸ்காரருக்குக் கல்யாணம் ஆகலை போல," என்றான் சில்லறை. சொல்லும்போதே சுரத்து இல்லை.

"குட்டிக்கு எதிரிங்க யாராவது?" என்றாள் அக்கா.

"எதிரியா! அவ புகார் பிரிவுல போன் எடுக்கறவ மேடம். எங்க கம்பெனி போட்ட ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒண்ணு அறுந்து ரெண்டு பேர் செத்தாங்களே, அந்த லிஃப்ட் இழுக்குதுன்னு முன்னாடியே புகார் வந்துது. எடுத்தவ இவதான். அதை விசாரணையில சொல்லத்தான் போறேன்னு பிடிவாதமா இருந்தா. தீப்பிடிச்ச மறுநாள்தான் விசாரணை."

அக்கா கிளிப் சங்கிலியைச் சட்டென்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

ஆபீஸில் முன்பாதியை மட்டும் கழுவித் துடைத்து வேலையை ஆரம்பித்திருந்தார்கள். சுவரில் புது வெள்ளை அடித்தும் கரிந்த பிளாஸ்டிக் நாற்றம் போகவில்லை. அக்காவின் பழைய இன்ஷூரன்ஸ் சிநேகிதம் ஒன்று போன் செய்து சொன்னதால் கதவுகள் திறந்தன.

மேனேஜர் கண்ணாடி அறையில் இருந்தார். வெளியே யார் கத்தினாலும் உள்ளே கேட்காத கனத்த கண்ணாடி. முன்னால் ஒரு கதவு, நாற்காலிக்குப் பின்னால் ஒரு கதவு. முகத்தில் துக்கத்தை அளவாகப் பூசியிருந்தார்.

"நல்ல பொண்ணு. கூடப் பிறந்தவளோட கவனக்குறைவால போயிட்டா. எனக்கு மட்டும் மனசு ஆறுமா சொல்லுங்க?"

மேஜை போன் அடித்தது. எடுத்தார். "லைன்ல இரு," என்று சொல்லி ஒரு பட்டனைத் தட்டி ரிசீவரைக் கீழே வைத்தார். போனில் எழுத்து ஓடும் திரைக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்றாள் அக்கா.

"இதோ, இதே நாற்காலியில. நகரவே இல்லை. போன் பேசிச்சு, கேட்டேன், எழுந்து போனேன். அதுலயும் பாருங்க, அந்தம்மா எவ்வளவு பொறுப்பில்லாம இருந்திருக்கா! நெருப்பு பின்பக்கம். இவ பின்படி வழியா வெளியேறச் சொல்றா! அவ பேச்சைக் கேட்டிருந்தா நானும் வெந்திருப்பேன். புகார்லயும் இதை எழுதிக் கொடுத்திருக்கேன்."

"உங்க காதால கேட்டீங்களா?"

"என் காதாலதான். எப்பவும் வர்ற குரல். அமைதியா, நிறுத்தி நிதானமா சொன்னா."

சில்லறைக்கு அந்தச் சிமிட்டும் விளக்கின் மேலேயே கண். "சார், யாரோ ரொம்ப நேரமா லைன்ல இருக்காங்க போலிருக்கே. பாவம், தாடி வளர்ந்துடப் போகுது."

"இருப்பாங்க," என்றார் மேனேஜர், தூசி தட்டுவதுபோல.

வெளியே வந்ததும் சில்லறை முணுமுணுத்தான். "இவர் வீட்டுல சாம்பார் கொதிக்கிறதுகூட அனுமதி வாங்கிட்டுத்தான்க்கா கொதிக்கும். அங்க பாரு, ஹோல்டுல இருக்கிற பாவப்பட்ட ஜீவன் யாருன்னு."

கடைசி மேஜையில் வழுக்கைத் தலைக் குமாஸ்தா ஒருவர், ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருந்தார். கைகள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன.

"பொழுது போகாம மாலை கட்டறார்," என்று சிரித்த சில்லறை பாதியில் நின்றான். மாலை இல்லை. ஜெம் கிளிப்புகள். ஒன்றை எடுப்பார், கோர்ப்பார், அடுத்ததை எடுப்பார்.

அக்கா ஏற்கெனவே அவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"ஐயா, போனை வெச்சுட்டு அப்புறம் கூப்பிடலாமே?"

குமாஸ்தா பதறிப்போய் ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினார். "ஐயோ, வேற வினையே வேண்டாம்மா! மேனேஜர் ஹோல்டு போட்டா வைக்கவே கூடாது. ஒருத்தர் பாத்ரூம் வந்துடுச்சுன்னு வெச்சார். மறுநாள் அவர் நாற்காலியே இங்க இல்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க லைன்லயே உட்கார்ந்தவங்க இருக்காங்க. இப்படி எதையாவது கோர்த்துக்கிட்டே இருப்போம். இங்க எல்லாருக்கும் அதே வேலைதான்."

"ஆபரேட்டரோட தங்கச்சிக்கும்?"

"அதுதான் இருக்கிறதுலயே நீளமா கோர்க்கும். பயந்த பொண்ணும்மா." கிழவரின் கண் கலங்கியது. "அன்னைக்குப் பழைய ஃபைல் ஒண்ணு வேணும்னு மேனேஜர்தான் அதை ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்பினார்."

"தீ அறிவிப்பு வந்தப்போ நீங்க எந்தப் படியில இறங்கினீங்க?"

"முன்படி. வேற எப்படி? ஆபரேட்டரம்மா தொண்டை கிழியக் கத்தினாங்களே, பின்பக்கம் போகாதீங்க, முன்படி, முன்படின்னு! அந்தம்மா மட்டும் கத்தலைன்னா நாங்க அத்தனை பேரும் பின்படியிலதான் போய் விழுந்திருப்போம்."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

குமாஸ்தா கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். சொன்னார்.

"இதைப் போலீஸ்ல ஏன் ஐயா சொல்லலை?"

"யாரும்மா வந்து கேட்டாங்க? மேனேஜர் ரூமுக்குப் போனாங்க, காபி குடிச்சாங்க, போயிட்டாங்க. அவர் சொன்னதுக்கு மாத்திச் சொல்ல இங்க யாருக்குத் தைரியம் இருக்கு?"

*

போன் மெக்கானிக், ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி எரிந்துபோனதால் அதற்குப் பதிலாக ஒரு தற்காலிகப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெக்கார்ட் ரூம் நம்பரைச் சேர்த்தது நானேதான்மா. கையடிச்சுச் சொல்வேன். ஆனா பெட்டியே கரியாயிடுச்சே, எதைக் காட்டறது?"

"சேர்த்திருந்தும் ஒரு போன் பேசாம இருக்குமா அண்ணே?"

"இருக்கும். அந்தப் போன்ல ஏற்கெனவே யாராவது லைன்ல இருந்தா அறிவிப்புக் குரல் அதுக்குப் போகாது. ஹோல்டுல இருந்தாலும் அப்படித்தான். இங்க அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்மா. வாராவாரம் டெஸ்ட் பண்ணுவோம். அந்தச் சத்தம் தாங்காம எல்லாரும் ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுடுவாங்க. மேனேஜர் ஒருநாள் பார்த்துட்டு ஆடித் தீர்த்துட்டாரு."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அந்தச் சைகையைச் சில்லறை அறிவான். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் துளிக்கூட இல்லை.

"சில்லறை, நீ ரெக்கார்ட் ரூமுக்குப் போ. அங்க போன் அடிக்கும். எடுத்துக் காதுல வெச்சுக்கோ. நான் வந்து சொல்ற வரைக்கும் வைக்காதே."

"ஏன்க்கா, பாம்புப் புத்துக்குள்ள கை விடறதுன்னா என் ஞாபகம்தான் வருமா உனக்கு?"

"போடா."

ரெக்கார்ட் ரூம் கதவு கனத்த இரும்பு. அதன் எதிரிலேயே பின்படி. அங்கே குவித்திருந்த அட்டைப் பெட்டிகளில்தான் தீ தொடங்கியிருந்தது. அறைக்குள் சுவர் முழுக்கப் புகைக்கறை. மேஜையில் மெக்கானிக் ஒரு பழைய போனை இணைத்திருந்தார். முன்பு இருந்த அதே ரகம். எழுத்து ஓடும் திரை கிடையாது. சில்லறை கதவைச் சாத்தினான். உலகமே அணைந்ததுபோல் இருந்தது.

போன் அடித்தது. எடுத்தான். "லைன்ல இரு," என்றாள் அக்கா. டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் சங்கீதம், அதே நாலு சுரம் திரும்பத் திரும்ப.

கை சும்மா இருக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தான். பெட்டி நிறையக் கிளிப்புகள். தன்னையறியாமல் ஒன்றை இன்னொன்றில் மாட்டினான். வெளியே மெக்கானிக் பட்டனை அழுத்தியிருப்பார். ஆபீஸ் முழுக்கப் போன்கள் அலறிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. சங்கீதம்தான். மூன்றாவது கிளிப்பை மாட்டும்போது சங்கீதம் தணிந்தது. நடுவில் ஒரு பெண் குரல், குழைவாக, அக்கறையாகப் பேசியது.

"தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்."

சில்லறையின் கையிலிருந்து கிளிப்புகள் நழுவித் தரையில் விழுந்தன. காலையில் லிஃப்டில் கேட்ட அதே குரல்.

அக்கா கதவைத் திறந்தபோது அவன் ரிசீவரைப் பிடித்தபடி வியர்த்து வழிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, இங்க ஒரு சத்தமும் வரலை. ஆனா இந்த ஹோல்டுல..."

"தெரியும்டா. குமாஸ்தாவோட ரிசீவர்ல நானும் கேட்டேன்." அவள் அவன் தோளைத் தொட்டாள். "வா. இன்ஸ்பெக்டர் வந்துட்டார்."

*

இன்ஸ்பெக்டர் கண்ணாடி அறையில் எரிச்சலோடு நின்றிருந்தார். "மின்கசிவும்மா. ஆபரேட்டரோட அலட்சியம். முடிஞ்சுபோன கேஸுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"ஒரே ஒரு கேள்வி சார். அதுக்கப்புறம் நீங்க காபி குடிக்கலாம்." அக்கா மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அறிவிப்பு என்ன சொல்லிச்சு?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? பின்படி வழியா வெளியேறவும்."

"இதோ, இப்படியா?" அவருடைய மேஜை போனைத் திருப்பிக் காட்டினாள். சற்று முன் நடந்த டெஸ்டின் எழுத்து இன்னும் திரையில் நின்றது: பின்படி வழியாக உடனே வெளியேறவும்.

"அதேதான்!"

"அதேதான் சார். பட்டனை அழுத்தினா இந்த எழுத்து தானா எல்லாத் திரையிலயும் வரும், போன் லைன்ல இருந்தாலும் வரும். மாறவே மாறாது. ஆனா அன்னைக்குக் குரல் வேற. மைக்கை எடுத்து, பின்படி வேண்டாம், முன்படின்னு அந்தப் பொண்ணு கத்தினா. ஆபீஸே கேட்டுது. அதனாலதான் ஆபீஸே உயிரோட இருக்கு. எழுத்தைப் பார்த்துட்டுக் குரலைக் கேட்காம இருக்கணும்னா ஒரே வழிதான். அந்த நேரத்துல உங்க போன் லைன்ல இருந்திருக்கணும்."

மேனேஜர் போனை வெடுக்கென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்குக் குரல் வராத போன் ரெண்டே ரெண்டு சார். ஒண்ணு ரெக்கார்ட் ரூம்ல. இன்னொண்ணு இந்த மேஜையில. ஒரு முனையில நீங்க, மறு முனையில அந்தப் பொண்ணு. லைன்ல இருன்னு சொல்லி ஹோல்டைப் போட்டீங்க. அவ போனை வைக்கமாட்டான்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ஹோல்டு போட்டா இந்த ஆபீஸ்ல எவன் துணிஞ்சு போனை வைப்பான்? ஆஸ்பத்திரி லிஃப்ட் விசாரணையில அவ வாயைத் திறக்கக் கூடாதுன்னு பின்கதவு வழியா போனீங்க, அட்டைப் பெட்டியில நெருப்பை வெச்சீங்க, திரும்பி வந்து உட்கார்ந்தீங்க."

"உதவிக்குக் கூப்பிடத்தானே அவ போனை எடுத்திருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர், சுருதி இறங்கி.

அக்கா கிளிப் சங்கிலியை மேஜையில் போட்டாள். "மூச்சு முட்டி உதவிக்குக் கூப்பிடறவ இதைக் கோர்த்துட்டு இருப்பாளா சார்? மேனேஜர் திரும்ப லைனுக்கு வருவார்னு பொறுமையா உட்கார்ந்து கோர்த்திருக்கா. புகை வந்து சேர்ற வரைக்கும்."

"இதெல்லாம் கதை!" மேனேஜர் எழுந்தார். "நானும் கேட்டேன்! அவ... அவ முன்படின்னுதான் சொன்னா, நான்தான் மாத்தி..."

"சரி, கேட்டீங்கன்னே வெச்சுப்போம். முன்படின்னு கத்தினப்புறம் கடைசியா ஒண்ணு சொன்னாளே, அது என்ன? ஆபீஸ்ல ஒருத்தருக்கும் அது மறக்கலை."

மேனேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே எழுந்து நின்று தம்மையே பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்களைப் பார்த்தார். படுபாவி, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு காவலரை உள்ளே அழைத்தார்.

மேஜை போனில் சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அக்கா ரிசீவரை எடுத்துப் பட்டனைத் தட்டினாள்.

"ஐயா, நீங்க வெச்சுடலாம். இனிமே யாரும் காத்துட்டிருக்க வேண்டாம்."

கடைசி மேஜையில் குமாஸ்தா ரிசீவரை வைத்துவிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

*

மாலையில் மறுபடியும் அதே ஐந்தாவது மாடி. ஆபரேட்டர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா நடந்ததை நின்றபடியே சொல்லி முடித்தாள். கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. உங்க பொண்ணு கூடப் பிறந்தவளைக் கூப்பிடலைன்னு சொன்னீங்களே. கூப்பிட்டிருக்கா. கடைசியா மைக்ல அவ கத்தினது அதுதான். 'குட்டி, எங்கடி இருக்கே, வெளியே வாடி குட்டி!' ஆபீஸ்ல எல்லாப் போன்லயும் கேட்டிருக்கு. அந்தப் பாவி பண்ணின காரியத்தால அவளுக்கு மட்டும் கேட்கலை."

அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. வாசலில் வந்து நின்ற அம்மா தரையில் கிடந்த மகளைப் பார்த்தாள். குனிந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். இருவரும் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்து மூடின.

போகலாம் என்று அக்கா கண்ணைக் காட்டினாள். அப்போதுதான் ஆபரேட்டர் தலையைத் தூக்கினாள். அவள் பார்வை நேரே சில்லறையின் மேல் விழுந்தது.

"சார், அந்த ரூம்ல நீங்கதானே உட்கார்ந்து பார்த்தீங்க?"

"ஆமாம்மா."

"ஹோல்டுல என்ன கேட்டுது?"

வாழ்நாளில் ஒரு பதிலுக்காக அவன் இவ்வளவு திண்டாடியதில்லை. எத்தனை ஆயிரம் வெட்டிப் பேச்சுப் பேசிய வாய், அந்த நேரத்தில் ஒரே ஒரு பொய்க்குக் கிடந்து தவித்தது.

"மியூசிக்தான்மா. வெறும் மியூசிக்."

அவள் தலையசைத்தாள். அவன் நல்லவன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நடுவுல என் குரல் வரும் சார்," என்றாள். "காத்திருன்னு நான்தான் சொல்வேன். நான் சொன்னா குட்டி தட்டவே மாட்டா."

அம்மா அவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அக்கா நடையின் கோடிக்குப் போய் லிஃப்ட் பட்டனை அழுத்தக் கை நீட்டினாள். சில்லறை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்க்கா. படியில இறங்குவோம்."

அக்கா அவனைப் பார்த்தாள். நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். ஐந்து மாடியையும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தே இறங்கினார்கள்.